போர்ட்டர் ஹால்: கையில் ஒரு டாலர் இல்லாமல் தொடங்கிய பள்ளிக் கட்டடம்

பள்ளி நடத்தப் பணம் தருகிறவர்கள் பள்ளி கட்டப் பணம் தர யோசிப்பார்கள். அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில், டஸ்கீகி என்னும் சிற்றூரில், 1881-இல் தொடங்கிய கறுப்பின மக்களுக்கான ஆசிரியப் பயிற்சிப் பள்ளி பிறந்தபோதே இந்தச் சிக்கல் அதன் தலையில் விழுந்தது. மாநிலச் சட்டமன்றம் அதற்கு ஆண்டுக்கு 2,000 டாலர் ஒதுக்கியது. அந்தப் பணம் ஆசிரியர் சம்பளத்துக்கு மட்டுமே. மனை வாங்கவோ சுவர் எழுப்பவோ அதில் ஒரு காசுகூடத் தொட முடியாது. அப்படியிருந்தும் ஓராண்டுக்குள் அந்தப் பள்ளி 100 ஏக்கர் நிலத்தைக் கடனில்லாமல் சொந்தமாக்கிக்கொண்டு, சுமார் 6,000 டாலர் மதிப்பீட்டில் ஒரு கட்டடத்துக்கு அடிக்கல்லும் நாட்டிவிட்டது.

இந்தக் கதையைச் சொல்பவர்கள் பெரும்பாலும் பள்ளியின் தலைவர் புக்கர் டி. வாஷிங்டனைப் பற்றிப் பேசுவார்கள். கார்னகி போன்ற கோடீஸ்வரர்கள் பின்னாளில் கொடுத்த பெருந்தொகைகளைப் பற்றிப் பேசுவார்கள். எனக்கு அந்த முதல் கட்டடம்தான் முக்கியமாகப் படுகிறது. யாரிடம் முதலில் கேட்டார்கள், யாரிடம் பிறகு போனார்கள் என்ற வரிசையில்தான் அதன் வெற்றி இருக்கிறது. அந்த வரிசையைத் தெருத்தெருவாக நடந்து உருவாக்கியவர் ஒலிவியா டேவிட்சன் என்ற ஆசிரியை.

தொடக்க நிலை

பள்ளி வந்ததே ஒரு தேர்தல் பேரத்தால். மாநில மேலவைக்குப் போட்டியிட்ட ஒரு வெள்ளையர் வேட்பாளருக்குக் கறுப்பின மக்களின் வாக்குகள் தேவைப்பட்டன. அவர் லூயிஸ் ஆடம்ஸிடம் வந்தார். ஆடம்ஸ் முன்பு அடிமையாக இருந்தவர். தகரவேலை, தோல்வேலை, செருப்பு வேலை எல்லாம் தெரிந்த கைவினைஞர். ஊரில் அவர் சொல்லுக்கு மதிப்பு இருந்தது. வாக்குக்கு ஈடாக அவர் தமக்கென எதையும் கேட்கவில்லை, தம் மக்களுக்கு ஒரு பள்ளிக்கூடம் கேட்டார். அவரோடு சேர்ந்து நின்றவர் ஜார்ஜ் கேம்ப்பெல் என்ற வெள்ளையர். வணிகர், வங்கித் தொழில் செய்தவர், ஒரு காலத்தில் அடிமைகளை வைத்திருந்தவர். ஒரு முன்னாள் அடிமையும் ஒரு முன்னாள் எசமானரும் சேர்ந்து ஒரு பள்ளியைத் தாங்கினார்கள் என்பதை மனத்தில் வைத்துக்கொண்டுதான் பின்னால் வரும் வசூல் கணக்கைப் படிக்க வேண்டும்.

பள்ளித் தலைவரைத் தேடி இவர்கள் வர்ஜீனியாவிலுள்ள ஹாம்ப்டன் கல்விக்கூடத்துக்கு எழுத, அங்கிருந்து அனுப்பப்பட்டவர் வாஷிங்டன். அப்போது அவருக்கு வயது 25. அவரும் அடிமையாகப் பிறந்தவரே. வந்து பார்த்தால் கட்டடம் இல்லை, மனை இல்லை, கரும்பலகைகூட இல்லை. தேவாலயம் ஒன்றையும் அதன் அருகிலிருந்த பாழடைந்த குடிசையையும் இரவல் வாங்கி, 1881 ஜூலை 4 அன்று 30 மாணவர்களோடு வகுப்பு தொடங்கியது. மழை பெய்தால் கூரை ஒழுகும். ஒரு மாணவர் எழுந்து வந்து ஆசிரியர் தலைக்கு மேல் குடை பிடிப்பார். குடையின் கீழ் நின்றபடி வாஷிங்டன் மற்றவர்களுக்குப் பாடம் கேட்பார்.

முதலில் மனை

பள்ளி தொடங்கி ஏறத்தாழ மூன்று மாதத்தில் ஊரிலிருந்து ஒரு மைல் தொலைவில் கைவிடப்பட்ட தோட்டம் ஒன்று விலைக்கு வந்தது. எசமானர் வாழ்ந்த பெரிய வீடு எரிந்துபோயிருந்தது. மிச்சமிருந்தவை சாப்பாட்டு அறையாக இருந்த ஒரு சிறு கட்டடம், ஒரு சமையற்கட்டு, ஒரு குதிரை லாயம், ஒரு கோழிக்கூண்டு. நூறு ஏக்கருக்கு விலை 500 டாலர். பாதியை முன்பணமாகக் கொடுத்துவிட்டு மீதியை ஓராண்டுக்குள் கட்டலாம் என்றார் உரிமையாளர்.

அந்த 250 டாலர் எங்கிருந்து வரும்? ஹாம்ப்டனின் பொருளாளர் ஜெனரல் மார்ஷலுக்கு வாஷிங்டன் கடிதம் எழுதினார். மார்ஷலின் பதிலை நிதி கையாளும் ஒவ்வொருவரும் படிக்க வேண்டும். ஹாம்ப்டனின் பணத்தைக் கடனாகக் கொடுக்கத் தமக்கு அதிகாரம் இல்லை. ஆனால் தம் சொந்தப் பணத்திலிருந்து அந்தத் தொகையை மகிழ்ச்சியோடு தருகிறேன் என்று எழுதினார். நிறுவனப் பணம் வேறு, தன் பணம் வேறு என்ற கோட்டை அழிக்காமலே உதவ முடியும் என்று அவர் காட்டிவிட்டார்.

வாஷிங்டன் உடனே நிலத்துக்குக் குடிபெயர்ந்தார். லாயமும் கோழிக்கூண்டும் கழுவிச் சுத்தம் செய்யப்பட்டு வகுப்பறைகளாயின. பெரிய கட்டடம் வரட்டும், பிறகு போகலாம் என்று காத்திருக்கவில்லை. நன்கொடை கேட்டுப் போகிறவர்களுக்கு இது எவ்வளவு பெரிய பலம்! பார்க்க வருகிறவருக்கு வரைபடத்தைக் காட்டுவதற்குப் பதிலாகப் படித்துக்கொண்டிருக்கும் பிள்ளைகளைக் காட்டலாம்.

கோழியும் கேக்கும் கரும்பும்

பள்ளி தொடங்கி ஆறு வாரத்துக்குப் பிறகு வந்து சேர்ந்தவர் ஒலிவியா டேவிட்சன். 1854-இல் பிறந்தவர், ஓஹையோவில் வளர்ந்தவர், தெற்கே மிசிசிப்பியிலும் மெம்ஃபிஸிலும் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுத்தவர், ஹாம்ப்டனில் படித்துவிட்டு, பாஸ்டன் சீமாட்டி ஒருவரின் உதவியால் மாசசூசெட்ஸில் ஆசிரியப் பயிற்சியும் முடித்தவர். மார்ஷலின் கடனை அடைக்கும் பொறுப்பு கிட்டத்தட்ட முழுமையாக இவர் தோளில் விழுந்தது.

இவர் செய்த முதல் வேலை, தொலைவிலிருந்த பணக்காரர்களுக்குக் கடிதம் எழுதுவதன்று. டஸ்கீகி ஊருக்குள்ளேயே, வெள்ளையர் வீடு கறுப்பர் வீடு என்று பார்க்காமல் வீடு வீடாகப் போனார். பணமும் கேட்கவில்லை. ஒரு கேக், ஒரு கோழி, கொஞ்சம் ரொட்டி, இனிப்புப் பணியாரம் என எது முடியுமோ அதைத் தாருங்கள் என்றார். வந்ததையெல்லாம் விருந்தாக வைத்து, வருகிறவர்களுக்கு விற்றுக் காசாக்கினார். கறுப்பர்கள் கொடுப்பார்கள் என்பது எதிர்பார்த்ததுதான். வெள்ளையர் குடும்பங்களில் தாம் கேட்ட ஒன்றுகூட இல்லை என்று சொல்லவில்லை. அடிமை முறை ஒழிந்து 16 ஆண்டுகளே ஆகியிருந்த ஊரில் இது சிறிய செய்தி அல்ல.

இதன் சூட்சுமம் எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது. காசு கேட்டால் மனிதர்கள் கணக்குப் பார்ப்பார்கள். ஒரு கேக் கேட்டால் சமையற்கட்டைத்தான் பார்ப்பார்கள். கொடுத்த கேக்கு என்ன ஆயிற்று என்று பார்க்க அவர்களே விருந்துக்கும் வருவார்கள். பள்ளியை வேண்டாத பொருளாக நினைத்திருக்கக்கூடிய வெள்ளையர் வீட்டுப் பெண்மணி, தன் கையால் செய்த ஒன்று அந்தப் பள்ளிக்குப் போன பிறகு அதற்கு எதிரியாக இருப்பது கடினம். கையில் வந்த தொகை சிறியதுதான். ஊரின் பகை வராமல் தடுத்ததற்கு எந்த ரசீதிலும் கணக்கில்லை.

பிறகு நேரடியாகப் பண வசூலும் நடந்தது. வாழ்வின் நல்ல காலமெல்லாம் அடிமைத்தனத்தில் கழித்த முதியவர்கள் ஐந்து சென்ட், இருபத்தைந்து சென்ட் என்று கொடுத்தார்கள். சிலர் கையால் தைத்த மெத்தைப் போர்வை கொண்டுவந்தார்கள். சிலர் கரும்பு கொண்டுவந்தார்கள். சுமார் எழுபது வயது மூதாட்டி ஒருவர் கோலூன்றித் தள்ளாடி வாஷிங்டனின் அறைக்குள் வந்தார். உடை கந்தல், ஆனால் சுத்தமாக இருந்தது. தம் நல்ல நாட்களை அடிமையாகக் கழித்ததாகவும், அறியாமையும் வறுமையும் தவிர வேறொன்றும் தம்மிடம் இல்லை என்றும் சொல்லிவிட்டு, சேர்த்துவைத்திருந்த ஆறு முட்டைகளை நீட்டினார். இந்தப் பையன்கள், பெண்களின் படிப்புக்கு இதைச் சேர்த்துக்கொள்ளுங்கள் என்றார். பள்ளிக்கு வந்த எத்தனையோ நன்கொடைகளில் எதுவும் தம்மை அந்த அளவுக்குத் தொடவில்லை என்று வாஷிங்டன் பின்னர் எழுதினார். அதை வாங்கிக்கொண்டதிலும் ஒரு நாகரிகம் இருக்கிறது. முட்டையை எப்படி வரவு வைப்பது என்று யோசிக்கிற வசூல் குழு அந்த மூதாட்டியை வெறுங்கையோடு அனுப்பியிருக்கும்.

மூன்று மாதத்தில் மார்ஷலின் 250 டாலர் திரும்பிப் போய்ச் சேர்ந்தது. மேலும் இரண்டு மாதத்தில் முழுத் தொகையும் கட்டப்பட்டு, நூறு ஏக்கருக்கும் பத்திரம் கைக்கு வந்தது. இதில் பெரும்பகுதி டஸ்கீகி ஊர் மக்களிடமிருந்தே வந்தது. ஓராண்டுத் தவணையை ஐந்து மாதத்தில் முடித்தது வெறும் சுறுசுறுப்புக்காக அல்ல. அடுத்த தொகை பெரிது. முதல் கடனை நேரத்துக்கு முன்பே அடைத்தவருக்குத்தான் அடுத்த கதவு திறக்கும். நாணயமே மூலதனம் என்ற பொருளில் கேம்ப்பெல் தமக்குச் சொன்ன அறிவுரையை வாஷிங்டன் கடைசிவரை நன்றியோடு நினைவுகூர்ந்தார்.

கட்டடம்

வரைபடம் தயாரானது. மதிப்பீடு சுமார் 6,000 டாலர், அதாவது மாநிலம் தரும் ஆண்டுச் சம்பளத் தொகையைப்போல மூன்று மடங்கு. நிலத்தின் விலையைப்போலப் பன்னிரண்டு மடங்கு. கையில் எதுவும் இல்லை.

அப்போது ஊருக்கு அருகே மர அறுவை ஆலை வைத்திருந்த வெள்ளையர் ஒருவர் தாமாகவே வந்தார். கட்டடத்துக்கு வேண்டிய பலகை, சட்டம் எல்லாவற்றையும் இடத்தில் கொண்டுவந்து இறக்குகிறேன்; பணம் வரும்போது தருவதாக நீங்கள் வாக்குக் கொடுத்தால் போதும், வேறு பிணை வேண்டாம் என்றார். தற்போது எங்களிடம் ஒரு டாலர்கூட இல்லை என்று வாஷிங்டன் ஒளிக்காமல் சொன்னார். அவர் பின்வாங்கவில்லை. ஆனாலும் பள்ளி உடனே மரத்தை இறக்கிக்கொள்ளவில்லை. ஒரு பகுதிப் பணமாவது சேர்ந்த பிறகே அனுமதித்தது. இந்த நிதானம் முக்கியமானது. கடன் கிடைக்கிறது என்பதற்காக வாங்கிப் போட்டிருந்தால், அடுத்த ஆறு மாத வசூல் முழுவதும் கடன்காரருக்கு அஞ்சி நடந்திருக்கும்.

கட்டடம் வரப்போகிறது என்ற செய்தி சுற்றுப்புறக் கறுப்பின மக்களிடம் உண்டாக்கிய மகிழ்ச்சியை வாஷிங்டன் விரிவாகவே எழுதியிருக்கிறார். நிதி திரட்டுவது பற்றிப் பேச ஒரு கூட்டம் கூடியது. பன்னிரண்டு மைல் தொலைவிலிருந்து ஒரு முதியவர் மாட்டுவண்டியில் பெரிய பன்றி ஒன்றை ஏற்றிக்கொண்டு வந்தார். கூட்டத்தின் நடுவே எழுந்து, என்னிடம் பணம் இல்லை, ஆனால் நான் வளர்த்த இரண்டு நல்ல பன்றிகளில் ஒன்றைக் கொண்டுவந்திருக்கிறேன். இனத்தின்மீது பற்றுள்ளவர்கள் அடுத்த கூட்டத்துக்கு ஆளுக்கொரு பன்றி கொண்டுவாருங்கள் என்றார். வேறு பலர் ஆளுக்கு இத்தனை நாள் கட்டட வேலை செய்து தருகிறோம் என்று வாக்குக் கொடுத்தார்கள்.

வகுப்பு முடிந்த பிறகு மாணவர்களே அடித்தளத்துக்குக் குழி தோண்டினார்கள். படிக்க வந்த எங்களை மண்வெட்டி பிடிக்கச் சொல்வதா என்ற முணுமுணுப்பு தொடக்கத்தில் இருந்தது. அடிமைத்தனத்திலிருந்து விடுபட்ட குடும்பத்துப் பிள்ளைகள் அவர்கள். அந்த மனக்குறையில் நியாயம் உண்டு. அதற்கு முன் நிலத்தில் காடு வெட்டியபோதே வாஷிங்டன் கோடரியோடு முன்னால் போய் அந்த முணுமுணுப்புக்குப் பதில் சொல்லியிருந்தார்.

வடக்கு நோக்கி

ஊர் தரக்கூடியதெல்லாம் தந்துவிட்ட பிறகுதான் டேவிட்சன் வட மாநிலங்களுக்குப் புறப்பட்டார். இந்தக் கட்டத்தில் அவர் கையில் சொல்லத்தக்க செய்திகள் இருந்தன. நிலம் சொந்தம், கடன் அடைந்தது, உள்ளூர் வெள்ளையரும் கறுப்பரும் கொடுத்திருக்கிறார்கள், மாணவர்களே தோண்டுகிறார்கள். ஐந்து மாதத்துக்கு முன் போயிருந்தால் இவற்றில் ஒன்றையும் அவர் சொல்லியிருக்க முடியாது.

தனித்தனி வீடுகளுக்குப் போனார். தேவாலயங்களிலும் ஞாயிறு பள்ளிகளிலும் பேசினார். யாருக்கும் பெயர் தெரியாத ஒரு பள்ளிக்காக, முன்பின் அறியாதவர்களிடம் கை நீட்டுவது அவருக்குப் பல நேரம் கூச்சமாகவும் கடினமாகவும் இருந்தது. வடக்கிலிருந்து வந்த முதல் நன்கொடை, படகில் உடன் பயணம் செய்த நியூயார்க் பெண்மணி ஒருவரிடமிருந்து கிடைத்தது. பேச்சுவாக்கில் பள்ளியைப் பற்றிக் கேட்ட அவர், பிரிவதற்கு முன் 50 டாலருக்குக் காசோலை எழுதிக் கொடுத்தார்.

இன்னொரு சம்பவம் பாஸ்டனில் நடந்தது. ஒரு பெண்மணியைப் பார்க்கப் போன டேவிட்சன், வரவேற்பறையில் உட்கார்ந்து தம் முகவரிச் சீட்டை உள்ளே அனுப்பினார். அந்த அம்மையார் வரச் சிறிது தாமதமாயிற்று. வந்து பார்த்தபோது டேவிட்சன் களைப்பு தாங்காமல் உட்கார்ந்த இடத்திலேயே உறங்கிப்போயிருந்தார். இரவில் உடைகளைக் கழற்றக்கூட முடியாத அளவுக்குச் சோர்ந்துவிடுவது அவருக்கு வழக்கமாகவே ஆகியிருந்தது. பள்ளியில் பாடமும் எடுத்துக்கொண்டு, மாணவியருக்குப் பொறுப்பாகவும் இருந்துகொண்டு, இடையிடையே செய்த பயணங்கள் இவை.

இடையில் ஒரு நாள். 400 டாலர் கடனை அன்று கட்டியாக வேண்டும். காலையில் பள்ளியிடம் ஒரு டாலர் இல்லை. பத்து மணிக்குத் தபால் வந்தது. டேவிட்சன் அனுப்பிய காசோலை, சரியாக 400 டாலருக்கு. கொடுத்தவர்கள் பாஸ்டனைச் சேர்ந்த இரண்டு பெண்மணிகள். இதைத் தெய்வச் செயல் என்று சொல்லி நிறுத்திவிடலாம். ஆனால் அதற்குப் பின்னால் நடந்ததைப் பாருங்கள்: இரண்டு ஆண்டு கழித்து, பள்ளி மறுபடியும் நெருக்கடியில் இருந்தபோது, அதே இருவரும் 6,000 டாலர் அனுப்பினார்கள், பிறகு பல ஆண்டுகள் ஆண்டுக்கு அதே தொகையைத் தொடர்ந்து அனுப்பினார்கள். முதல் 400 டாலர் எதற்குப் போயிற்று என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது. அதனால்தான் இரண்டாவது முறை கேட்பதற்கு வழி இருந்தது.

1882 வசந்தத்தில் அடிக்கல் நாட்டு விழா நடந்தது. அடிமைக்கு எழுத்துச் சொல்லிக்கொடுப்பதே ஒரு காலத்தில் குற்றமாக இருந்த மண்ணில், அந்த வட்டாரத்தின் வெள்ளையர் கல்வி அதிகாரி விழாவில் பேசினார். அதே ஆண்டு நவம்பரில், வேலை முடியாத நிலையிலேயே, நன்றி தெரிவிக்கும் திருநாள் வழிபாடு புதிய கட்டடத்தில் நடந்தது. தாராளமாக உதவிய புருக்ளின் நகரத்து ஏ. எச். போர்ட்டரின் பெயரால் அது போர்ட்டர் ஹால் ஆயிற்று.

அதற்குப் பிறகு

பின்வந்த கட்டடங்களைச் சுருக்கமாகவே சொல்கிறேன். ஊரில் செங்கல் சூளை இல்லாததால் பள்ளியே செங்கல் அறுக்க இறங்கியது. முதல் மூன்று சூளைகளும் வீணாயின. நான்காவதற்கு வாஷிங்டன் தம் கடிகாரத்தை மான்ட்கமரி நகரில் 15 டாலருக்கு அடகு வைத்தார். அந்தச் சூளை வெந்தது. கடிகாரத்தை மீட்கவே இல்லை. வெளியூரிலிருந்து வந்து செங்கல் வாங்கிய வெள்ளையர்கள் அதன் மூலமே பள்ளியோடு உறவானார்கள். அடுத்த பெரிய கட்டடமான அலபாமா ஹாலுக்காக ஹாம்ப்டன் தலைவர் ஜெனரல் ஆம்ஸ்ட்ராங், தம் கல்விக்கூடத்துக்கே பணம் தேவைப்பட்ட நிலையிலும், வாஷிங்டனை வடக்கே பெரு நகரங்களுக்கு அழைத்துச் சென்று அறிமுகப்படுத்தினார்.

பெருந்தொகைகளும் இந்த வழியாகத்தான் வந்தன. ரயில் அதிபர் ஹன்டிங்டன் முதன்முதலில் கொடுத்தது 2 டாலர். இறப்பதற்குச் சில மாதங்களுக்கு முன் அவர் கொடுத்தது 50,000 டாலர். கனெக்டிகட் மாநிலத்தில் கடுங்குளிரில் இரண்டு மைல் நடந்துபோய்ப் பார்த்த ஒரு பணக்காரர் அன்று எதுவும் தரவில்லை. இரண்டு ஆண்டு கழித்து, உயிலில் எழுதி வைத்திருந்ததை உயிரோடு இருக்கும்போதே தருகிறேன் என்று 10,000 டாலர் அனுப்பினார். 1900 டிசம்பரில் நூலகத்துக்காகக் கார்னகிக்கு எழுதிய கடிதத்தில், செங்கல் அறுப்பது முதல் தச்சுவேலை, கொல்லுவேலை வரை மாணவர்களே செய்வார்கள் என்று வாஷிங்டன் குறிப்பிட்டார். 20,000 டாலர் கிடைத்தது. போர்ட்டர் ஹாலில் வேறு வழியின்றித் தொடங்கிய பழக்கம், இங்கே கேட்பதற்கான காரணமாகவே மாறியிருந்தது.

கொடுத்த விலை

இந்த விவரங்களில் பெரும்பாலானவை வாஷிங்டன் இருபது ஆண்டு கழித்து, 1901-இல் வெளியிட்ட தன்வரலாற்றிலிருந்து கிடைப்பவை. அதைப் படித்தவர்களில் நன்கொடையாளர்களும் இருந்தார்கள். அதைப் படித்துவிட்டுப் புதிதாகக் கொடுத்தவர்களும் உண்டு. ஆகவே வெள்ளையரின் நல்லெண்ணம் அதில் சற்றுத் தூக்கலாகவும், அவர் விழுங்கிக்கொண்ட அவமானங்கள் சற்றுத் தணிவாகவும் இருக்கும் என்று கொள்வதே நியாயம்.

இரண்டாவது, கொடுப்பவர் மனம் பாடத்திட்டத்துக்குள்ளும் வருகிறது. கைத்தொழில் கல்விக்கு வடக்கத்திப் பணம் தாராளமாக வந்தது. கறுப்பின மக்களின் உயர்கல்விக்கு அப்படி வரவில்லை. 1903-இல் கறுப்பின அறிஞர் டு பாய்ஸ் வாஷிங்டனை வெளிப்படையாக எதிர்த்து எழுதியபோது இதுவும் அவர் மனத்தில் இருந்தது. வாக்குரிமையையும் உயர்கல்வியையும் விட்டுக்கொடுத்து வாங்கிய ஆதரவு என்றார். அதே 1903-இல் கார்னகி டஸ்கீகிக்கு 6 லட்சம் டாலர் மதிப்புள்ள பத்திரங்களை மூலநிதியாகக் கொடுத்தார். டு பாய்ஸின் குற்றச்சாட்டில் உண்மை இருக்கிறது என்றே நினைக்கிறேன். ஆனால் அது கோடீஸ்வரர்களின் காலத்துக்குப் பொருந்துகிற அளவு, கேக்கும் கரும்பும் திரண்ட முதல் ஆண்டுக்குப் பொருந்தவில்லை. ஊரே சிறுகச் சிறுகக் கொடுத்த பணத்துக்கு ஒரே உரிமையாளர் கிடையாது. அதை வைத்துக்கொண்டு பள்ளியை வளைக்க எவராலும் முடியாது.

மூன்றாவது விலையைக் கொடுத்தவர் ஒலிவியா டேவிட்சன். 1885-இல் அவர் வாஷிங்டனை மணந்துகொண்டார். வீட்டையும் பள்ளியையும் வசூலையும் ஒன்றாகச் சுமந்தார். 1889 தொடக்கத்தில், இரண்டாவது குழந்தை பிறந்த சில நாட்களில் வீடு தீப்பற்றியது. பச்சை உடம்போடு குளிரில் வெளியேற வேண்டியிருந்தது. அதிலிருந்து அவர் தேறவில்லை. அந்த ஆண்டு மே மாதம் பாஸ்டனில், தாம் கதவு கதவாகத் தட்டிய அதே நகரத்து மருத்துவமனையில் இறந்தார். வயது 34. தாம் நேசித்த பணிக்காக ஓயாமல் உழைத்து அவர் தம்மைத் தேய்த்துக்கொண்டார் என்று கணவரே எழுதியிருக்கிறார். அந்தத் தேய்வு போர்ட்டர் ஹால் காலத்திலேயே, பாஸ்டன் வரவேற்பறையில் அவர் உறங்கிப்போனபோதே எல்லோர் கண்ணுக்கும் தெரிந்திருந்தது. அன்றைக்கே அவரோடு இன்னும் இருவரை வசூலுக்கு அனுப்பியிருக்க வேண்டும். பயண மாதங்களில் அவருடைய வகுப்புகளை வேறொருவர் ஏற்றிருக்க வேண்டும். பள்ளியின் முதல் ஆண்டுகளில் அதற்கு ஆளும் இல்லை, சம்பளப் பணமும் இல்லை என்பது உண்மை. 1889-க்கு முன் அவை இரண்டும் ஓரளவு வந்துவிட்டிருந்தன.